ஆர்டிஸின் மூன்று

1994 ஜூலை 1: பழைய மருத்துவக் காப்பீடு. ஆளுக்கு மாதம் 214 டாலர்.
1995 ஜூலை 1: புதிய காப்பீடு. 171 டாலர்.
1995 அக்டோபர் 9: ஆர்டிஸ், முதல் தொலைபேசி அழைப்பு. செலவு இல்லை.
1995 நவம்பர் 20: இரண்டாவது அழைப்பு. செலவு இல்லை.
1996 ஜனவரி 17: குடல் பரிசோதனை மறுப்பு. மிச்சம் 640 டாலர்.

ஆர்டிஸ் ட்வைட் எங்கள் மினசோட்டா ஊர்ப் பள்ளியில் இருபத்தேழு வருடம் சமைத்தவள். வியாழன்தோறும் லவங்கப்பட்டை ரொட்டி. கொதிக்கும் பாகு கையில் கொட்டிய வியாழனன்றும் முந்நூற்றுப் பத்து ரொட்டி பரிமாறிவிட்டுத்தான் கட்டுப் போட்டுக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "அப்படியொன்னும் மோசமில்ல" என்றாள். அறுவடை இயந்திரத்தில் விரல் போனவனும் எங்கள் ஊரில் அதைத்தான் சொல்வான். கேட்பவர் அதைப் புரிந்துகொண்டு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டியை எடுப்பார்.

ஊழியர்களின் காப்பீட்டை மாற்றலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது பள்ளிக் குழுவின் உறுப்பினரும் எழுத்தருமான நான். அறுபத்திரண்டு ஊழியர்கள், வருடத்துக்கு 31,992 டாலர் மிச்சம். அதில் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூரை மாற்றினோம். புதிய திட்டத்தில் நேராக மருத்துவரிடம் போக முடியாது. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் நர்ஸ் ஒருத்தியைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அவள் கேட்பாள். ஐந்துக்குக் கீழே என்றால் மாத்திரை, ஓய்வு.

அக்டோபரில் தன் வயிற்று வலிக்கு ஆர்டிஸ் மூன்று என்றாள். நர்ஸ் இருந்தது எங்கள் ஊர்ப் பேச்சு எட்டாத அரிசோனாவில். மூன்று என்றே எழுதிக்கொண்டாள்.

நவம்பரில், வலியில் குனிந்தபடி அடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆர்டிஸ் மறுபடி நர்ஸிடம் பேசினாள். பக்கத்தில் நின்ற கணவன் வெர்லின் சும்மா இருக்கவில்லை.

"பத்துன்னு சொல்லித் தொலையேன்டி."

"பத்துன்னா, நெஜமாவே பத்து வலிக்கிறவங்க என்னத்த சொல்லுவாங்க? மூணே இருக்கட்டும்."

டிசம்பருக்குள் பதினொரு கிலோ இளைத்திருந்தாள். வெர்லின் சண்டை போட்டு ஒரு மருத்துவரைப் பார்க்க அனுமதி வாங்கினான். மருத்துவர் குடலைப் பரிசோதிக்கச் சொன்னார். அதற்குத் தனி அனுமதி வேண்டும். வலி மிதமானது என்று இரண்டு பதிவுகள் காட்டுவதால் அவசியமில்லை என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. மேல்முறையீட்டை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். வலியை அவள் குறைத்துச் சொல்வாள் என்று எழுதினேன். பதிவில் பிழை இருப்பதாக நிரூபிக்கவில்லை என்றார்கள். பிழை இல்லைதான். அவள் சொன்னது மூன்று, எழுதியதும் மூன்று.

ஏப்ரல் 2 அன்று பள்ளிச் சமையலறையில் விழுந்தாள். கட்டி அடைத்துக் குடல் வெடித்திருந்தது. அவசரப் பிரிவு மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"நாலு இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றாள். பிறகு அவருக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஏப்ரல் 4, வியாழன், காலை 5.40க்கு இறந்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது வெர்லினிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"அப்படியொன்னும் மோசமில்ல," என்றான். வண்டியை எடுத்து அவனை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

குழுவுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊழியர்கள் சேவைகளைப் பொறுப்போடு பயன்படுத்தியதால், ஜூலை முதல் கட்டணம் ஆளுக்கு 164 டாலராகக் குறைகிறது, வாழ்த்துகள். கூட்டத்தில் நான்தான் அதைப் படித்தேன். ஏற்றுக்கொள்ளலாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். என் கையையும் எண்ணித்தான் ஆதரவு ஏழு என்று குறித்தேன். கடிதம் வந்த நாள்: 1996 மே 14, செவ்வாய்க்கிழமை.