மூன்றாவது வளைவில் நின்ற கார்

1. கொடி விழுந்த பிறகு

கார் புறப்பட்டு ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. பெரிய பிழை ஒன்று நடந்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

காரை ஓட்டிப் போகும் டொக்டர் சற்று முன்னர்தான் வலது முன் சில்லின், அதாவது சக்கரத்தின், நட்டைச் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அப்போது சுத்தியல் காரின் மூக்குப் பக்கமாகப் போனது. அது வால் பக்கமாகப் போயிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறவன், பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கார் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உறைத்தது.

இடம் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதை. பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாதையை மூடி, ஒவ்வொரு காராக மேலே ஓட்டி நேரம் பார்ப்பார்கள். ஒன்பது வளைவுகள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவுகளில் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் பிள்ளைகுட்டியோடு நிற்பார்கள்.

காருக்குப் புறப்படக் கொடி காட்டியவரிடம் ஓடினேன்.

"நிப்பாட்டச் சொல்லுங்க! மேல சிவப்புக் கொடி காட்டச் சொல்லுங்க!"

"மொகத பாஸ்?" என்றார் அவர். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்கிறார். மெக்கானிக்கை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சில்லு கழலப் போகுது!"

 அவர் வோக்கிடோக்கியை எடுத்துக் கத்தினார். பதிலுக்குக் கரகர சத்தம்தான் வந்தது. மேலே என்ஜின் சத்தம் மலையில் மோதி ஏறிக்கொண்டே போனது. முதல் வளைவு. டொக்டர் கியர் மாற்றினார். இரண்டாவது வளைவு. மறுபடி ஏறியது. திடீரென்று சத்தம் நின்றது.

நான் ஓடத் தொடங்கினேன்.

2. டொக்டரும் அந்தக் காரும்

நவ்ஃபர் டொக்டர் அலவத்துகொடைக்காரர். பல் டொக்டர். வயது அறுபத்தெட்டு. என் கராஜ் கட்டுகஸ்தோட்டையில் இருப்பதால் அவர் கண்டிக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். வந்தால் என் கதிரையில் உட்கார்ந்து என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எனக்கே வேலை சொல்லித் தருவார். நானும் சும்மா இருக்கமாட்டேன். "டொக்டர், நான் உங்க க்ளினிக்குக்கு வந்து பல்லு புடுங்கவா?" என்பேன்.

அவருடைய கார் அறுபது வருடத்துக்கு மேல் பழையது. பந்தயத்துக்கென்றே செய்தது. ஒரே ஆசனம். கூரை இல்லை, கதவு இல்லை, சில்லுகளின் மேல் மட்கார்ட் இல்லை. நான்கு சில்லுகளும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் பிட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் ஒரு சாண்தான். பாதுகாப்பு என்று சொல்ல ஒரு பட்டியும் தலைக்கவசமும். இதில் என்ன இருக்கிறது என்று இந்த மனுசன் உயிரைக் கொடுக்கிறார் என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"மத்த கார்ல ரோட்டைக் கண்ணாடிக்குள்ளால பாக்கிற, பாஸ். இதுல முன் சில்லு ரெண்டும் கண்ணுக்கு முன்னால ஈக்கி. சில்லு கல்லுல ஏறுறது, சறுக்கிறது எல்லாம் தெரியும். காரு ஒண்டையும் மறைக்காது."

அவர் ஊர்ப் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி. நான் சிரித்தேன். பிறகு ஒருநாள், வேலை முடித்த காரை வெள்ளோட்டம் பார்க்க ஆற்றோரப் பாதையில் நானே எடுத்துப் போனேன். இரண்டே கிலோமீற்றர். திரும்பி வந்து இறங்கியபோது என் முகத்தில் பூச்சி ஒட்டியிருந்தது, காது அடைத்திருந்தது, சிரித்த வாய் மட்டும் மூடவில்லை. அதன் பிறகு நான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இந்த வருடம் அவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. வலது கையின் பெருவிரல் லேசாக நடுங்குகிறது என்றார். கைபோனால் பல் டொக்டருக்கு எல்லாம் போனமாதிரி. வீட்டில் மனைவியும் மகனும் காரை விற்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த முறை ஓடிப் பாப்பம். ஏலாதுன்டா விட்டுருவன்" என்று புறப்படும் முன்னரே சொல்லியிருந்தார்.

3. ஒரே சாக்கில் இரண்டு ஹப்

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். இளம் மெக்கானிக்குகள் இதை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இந்த மாதிரிக் காரில் சில்லுக்கு நான்கைந்து நட் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட், இரண்டு காதுகளோடு. காதில் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்குவதும் கழற்றுவதும். இடது பக்கத்து நட்டின் மரை ஒரு மாதிரி, வலது பக்கத்து மரை அதற்கு நேர்மாறு. கார் முன்னால் ஓட ஓட நட் தானாக இறுகுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும்.

பேரிங் மாற்றுவதற்காக, சில்லைத் தாங்குகிற, நட் ஏறும் மரை வெட்டிய முன் ஹப் இரண்டையும் நட்டுகளோடு கழற்றி, ஒரே சாக்கில் போட்டு லேத் பட்டறைக்கு அனுப்பினேன். சோக்கட்டியால் எழுதிய அடையாளம் எண்ணெயில் அழிந்துபோய்த் திரும்பி வந்தது. பந்தயத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மரையைப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஹப்பா என்ற கொழுப்பு. வலதை இடதிலும் இடதை வலதிலும் பூட்டினேன். நட்டும் ஹப்போடு சேர்ந்து மாறியதால் எல்லாம் அழகாகப் பொருந்தியது. முற்றத்தில் நாலு சுற்று ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. லொறியில் ஏற்றித் தெல்தோட்டைக்குக் கொண்டுபோனோம்.

டொக்டருக்கு ஒரு வழக்கம். நான் எவ்வளவு இறுக்கினாலும், புறப்படும் முன் ஒவ்வொரு நட்டுக்கும் கடைசி மூன்று அடியை அவர்தான் அடிப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. அன்றும் அடித்தார், அந்த நட் இறுகும் பக்கமாகவே.

4. மூன்றாவது வளைவு

மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டொக்டர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு, முழுசாக. கார் மண்மேட்டில் மூக்கை வைத்திருந்தது. வலது முன் சில்லு சாய்ந்திருந்தது. நட் இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அவளுக்கும் சில்லுக்கும் இடையில் பத்தடிகூட இல்லை. 

"சில்லு தலையாட்டினது தெரிஞ்சிச்சு பாஸ். ஒடனே மேட்டுப் பக்கம் விட்டுட்டன்" என்றார். பிறகு கையுறை போட்ட வலது கையைப் பார்த்தார். "என்ட அடி பத்தல்ல. கை போயிட்டு, பாஸ்."

நான் குனிந்து சில்லைத் தூக்கப் பார்த்தேன்.

சில்லை ஏற்றி நட்டை அடித்து, அங்கே நின்ற சிலரோடு சேர்ந்து காரைப் பின்பக்கமாகக் கீழே உருட்டினோம். டொக்டர் ஸ்டியரிங்கில். நான் சில்லோரம் நடந்தேன். பின்னால் உருளும்போது அந்த நட் இறுகும். அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கராஜுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் மாற்றிப் பூட்டிவிடலாம். கண்டியில் பழைய கார் வைத்திருக்கிற எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். இது வெளியே வந்தால் யார் வருவார்? இந்தக் கணக்கைத்தான் அப்போது போட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வளைவில் டொக்டர் போனை எடுத்து மகனுடன் பேசினார்.

"உம்மாட்ட சொல்லு, சந்தோஷப்படுவா. நான் கார விக்கப் போறன். கொழும்புல ஒருத்தர் கேட்டுட்டு ஈக்கார்... ஓ, க்ளினிக்கையும்தான் மூடப் போறன். இந்தக் கைய வெச்சிட்டு மனிசன்ட வாயில ஊசி போட ஏலா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டொக்டர், பிரேக்கப் புடிங்க."

"ஏன்?"

"உங்க கையில ஒரு குறையும் இல்ல. ஹப் ரெண்டையும் நான்தான் பக்கம் மாத்திப் போட்டுட்டேன். நீங்க எவ்வளவு அடிச்சாலும் முன்னால போகப்போக அது கழலத்தான் செய்யும். தப்பு என்னுது."

அவர் இறங்கி வந்தார். நட்டின் மேல் கழற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. அதில் விரலை வைத்து, சில்லு சுற்றும் பக்கத்தைப் பார்த்து, மறுபடி அம்புக்குறியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அப்ப என்ட கை?" என்றார்.

"நீங்க அப்படி அடிச்சதாலதான் மூணு வளைவு தாங்குச்சு, டொக்டர். இல்லாட்டி முதல் வளைவிலயே போயிருக்கும்."

கையுறையைக் கழற்றினார். விரல்களை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பெருவிரல் லேசாக ஆடியது, ஆடட்டும் என்பதுபோல. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண் நிறைந்துவிட்டது. உயிர் தப்பியதற்குக்கூட இந்த மனுசன் இப்படி நன்றி சொல்லவில்லை. எனக்கும் தாங்கவில்லை, திரும்பி நின்றுகொண்டேன்.

திட்டு அதன் பிறகுதான் வந்தது. காரை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் முன்னிலையில், முதல் வளைவு வரை நிற்காமல் திட்டினார்.

அன்று அவர் மறுபடி ஓடவில்லை. ஏற்பாடு செய்தவர்கள் விடவில்லை. அடுத்த நாள் காலை என் கராஜுக்கு வந்து, நான் ஹப் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தார். கார் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

ஒரு பக்கத்தைப் பூட்டி முடிக்காமல் மறுபக்கத்தைக் கழற்றாதீர்கள். லேத்துக்கு அனுப்பினாலும் தனித்தனியாக அனுப்புங்கள். இது தொழில் பாடம், எந்தக் கராஜிலும் கற்றுக்கொள்ளலாம். இன்னொன்றை அந்த மறுநாள் காலை டொக்டர் கராஜிலிருந்து போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

"உசிரு போய் மௌத்தாகப் பாத்தத்துக்கு ஒங்கள மன்னிச்சிட்டன், பாஸ். வாய மூடிட்டு ஈந்து, கார விக்க உட்டிருந்தீங்கன்டா மட்டும் மன்னிச்சே ஈக்க மாட்டன்."