கையெழுத்து விழாத மாதம்

ஸ்டோர் அக்காவை நினைத்தால், மேனேஜருக்கு டைப்பிஸ்டாக இருந்த அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பேச்சுதான்.

"அக்கா, நாப்கின் நோட்டு வேணும். ஹாஸ்டல் வார்டன் அம்மா கேக்குறாங்க."

"இதுவரைக்கும் கேட்டதில்லையே. எதுக்காம்?"

"புதுசா வந்த சுருட்டை இந்த மாசம் நாப்கின் எடுத்துக் கையெழுத்துப் போடலையாம். நாப்பத்தாறு நாள் ஆச்சுன்னு யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க. அவ அப்பாவுக்கு நான் லெட்டர் டைப் பண்ணணுமாம், வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி."

"உனக்கு என்னைக்காவது நாள் தள்ளிப் போயிருக்கா?"

"பரீட்சை சமயத்துல. ரெண்டு தடவை."

"அப்ப உங்க அப்பாவுக்கு யாரு லெட்டர் போட்டா?"

நோட்டுக்காக நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். அந்த ஆடைத் தொழிற்சாலையில் தமிழும் இந்தியும் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தமிழ் தெரியாத மேனேஜருக்கு வாயும் கையும் அவளே.

ஸ்டோர் அக்காவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஆனாலும் தையல் பிரிவு முழுக்க அவள் பேச்சுக்கு அடங்கும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டினால்தான் புது ஊசி தருவாள். "முனையைக் காணோம்னா எங்க இருக்கும்? சட்டை வாங்கினவன் முதுகுல இருக்கும்" என்பாள். மாதக் கடைசியில் நாப்கின் தீர்ந்துபோய் விடுதிப் பெண்கள் திண்டாடுவதைப் பார்த்து, எடுத்தால் கையெழுத்து என்று நோட்டுப் போட்டவளும் அவள்தான்.

"என் புத்தியைச் சொல்லணும். ஊசிக்கு வச்ச நோட்ட உடம்புக்கும் வச்சிட்டேன்," என்றாள். தவறை ஒப்புக்கொள்ள அவள் எடுத்துக்கொண்டது அவ்வளவு நேரம்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் சுருட்டையை உள்ளே அழைத்தாள். நான்கு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது பேரில் அவளும் ஒருத்தி. இடுப்பில் நிற்காத பாவாடையை ஊக்கு மாட்டி நிறுத்தியிருந்தாள்.

"யார்கூடயாவது பழக்கம் இருந்தா சொல்லு. எனக்கு அதுல வருத்தமில்ல. டாக்டர்கிட்ட சொல்லியாகணும், அதுக்குத்தான்."

"சத்தியமா இல்லக்கா."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ஷிப்ட் வாராவாரம் மாறுது. தூங்கி எழுந்திரிக்கவே நேரம் சரியா இருக்கு. எங்க சாப்பிடுறது?"

அன்று மாலையே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். சுருட்டையின் முகம் சுண்டிப்போனது. "உன்னை நம்பாம இல்ல. யாரு போனாலும் முதல்ல அதைத்தான் பாப்பாங்க," என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கர்ப்பம் இல்லை. தைராய்டும் சரியாக இருந்தது. எடை ஆறு கிலோ இறங்கியிருந்தது. சாப்பாடும் தூக்கமும் இப்படிக் கெட்டால் நாள் தள்ளிப் போவது உண்டு, மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்றார் மருத்துவர்.

மறுநாள் மேனேஜர் அறையில் வார்டன் அம்மா, ஸ்டோர் அக்கா, மொழிபெயர்க்க அவள்.

"நோட்டு எங்கே?" என்றார் வார்டன் அம்மா.

"கிழிச்சுப் போட்டுட்டேன்மா. ஊசி நோட்டு இருக்கு, தரவா?"

கிழிப்பதற்கு முன் நோட்டை வரி வரியாகப் படித்திருந்தாள். கையிலிருந்த துண்டுத்தாளில் பெயர் ஒன்றுகூட இல்லை. "புதுசா வந்த பத்தொன்பது பேர்ல பதினோரு பேருக்கு, வாராவாரம் ஷிப்ட் மாத்த ஆரம்பிச்சதுலேருந்து நாள் தள்ளிப் போயிருக்கு. பதினோரு அப்பாவுக்கும் லெட்டர் போடுறதா இருந்தா இவ டைப் பண்ணட்டும்."

அதை மேனேஜருக்கு மொழிபெயர்க்க வேண்டியவள் அவள். மாதவிடாய் என்பதை ஓர் ஆண்பிள்ளை முன்னால் அவள் எந்த மொழியிலும் சொன்னதில்லை. சொன்னாள். மேனேஜர் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். கடிதம் போகவில்லை. சுருட்டை தன் மெஷினிலேயே இருந்தாள். வாராவாரம் மாறிய ஷிப்டை மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்க மட்டும் இன்னும் ஏழு வாரம் பிடித்தது. வார்டன் அம்மா அக்காவோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

நாப்கின் பெட்டியைக் கையெழுத்து எதுவும் இல்லாமல் கழிப்பறை வாசலிலேயே திறந்து வைத்த அன்று, அக்கா ஒரு வெள்ளை அட்டையோடு அவள் மேசைக்கு வந்தாள்.

"நாள் ஏன் தள்ளிப் போகும்னு ரெண்டு பாஷையிலயும் இதுல எழுதிக் கொடு. சாப்பாடு, தூக்கம், கவலை, தைராய்டு, டாக்டர் சொன்ன எல்லாமும் போடு. கர்ப்பத்தையும் போடு, விட்டுடாதே. நாளைக்கு ஒருத்திக்கு அது நிஜமாவே இருந்தா, அவளும் பயப்படாம எங்கிட்ட வரணும்."