வாசலுக்கே வந்த கார்

கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு வர ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அதன் குறுக்கே பனைமரங்களைப் படுக்கப் போட்டு மேலே மண் பரப்பியிருந்தார்கள். அதுதான் பாலம். பைக்கை உருட்டிக்கொண்டு போகலாம். கார் அக்கரையிலேயே நின்றுவிடும்.

என் கணவருக்குத் துபாயில் வேலை. லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் முன்னே போவார். கைப்பையோடு நான் பின்னால். வீட்டில் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். அந்த வரப்பில்தான் நாங்கள் இருவர் மட்டும். பெட்டியை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துப் பாலத்தைக் கடத்திவிடுவார். தினமும் புல்லுக்கட்டோடு தனியாகக் கடப்பவள்தான் நான். அவருக்கும் அது தெரியும். "பல்லுவலிய வச்சுக்கிட்டே இருக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

போன மழையில் நடுமரம் உளுத்து இறங்கிவிட்டது. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு ஊரே திரண்டு போய்ப் பாலம் கேட்டது. நானும் போனேன். ஜேசிபி வந்து பனைமரங்களைப் பிடுங்கிப் போட்டபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. கான்கிரீட் பாலம் வந்தது, வரப்பு இருந்த இடத்தில் ஊர்வரை ரோடும் வந்தது.

இந்த லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று, கார் வாசலிலேயே வந்து நின்றது. டிரைவர் பெட்டியை டிக்கியில் வைத்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். "போயிட்டு வாரேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கார் போய்விட்டது.

உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். போன் அடித்தது.

"பாலத்துக்கிட்ட நிக்கிறேன். பர்ஸை மறந்துட்டேன்னு டிரைவர்கிட்ட சொல்லியிருக்கேன். வெரசா வா."

"பர்ஸு எங்கங்க இருக்கு?"

"என் பையிலதான்."

"எங்கத்தா ஓடுற?" என்றார் மாமியார்.

"பர்ஸை விட்டுட்டுப் போயிட்டாகளாம்" என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையோடு ஓடினேன்.

காரை அக்கரையில் நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். புதுப் பாலத்தில் இருவரும் சேர்ந்தே நடக்க இடம் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"உடம்பப் பாத்துக்க."

"நீங்களும்."

மெயின்ரோட்டில் கார் திரும்பும்வரை நின்றேன்.

அடுத்த லீவுக்கு இன்னும் எம்புட்டோ காலம் கிடக்கிறது. தினமும் போன் செய்கிறார். சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.