நூத்திப் பதினாறு கிலோவும் ஒரு பின்சக்கரமும்

குண்டான ஆள் சைக்கிள் வாங்க வந்தால் முதலில் தெருவைத்தான் பார்ப்பார், தெரிந்தவர் எவராவது நிற்கிறாரா என்று. மஞ்சக்குப்பத்தில் கடை வைத்து முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கும் தொண்ணூறு கிலோ. ஆகையால் தொப்பையோடு மிதிக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

தாங்குமா?

கோதண்டம் ஆபீஸ் கிளார்க். நூத்திப் பதினாறு கிலோ, சர்க்கரை. வலது பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. உடம்பு குறையாவிட்டால் காலுக்கே ஆபத்து, சைக்கிள் மிதி என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார். வந்தவர் மெல்லிய டயர் போட்ட கியர் வண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அதை உள்ளே தள்ளிவிட்டு, பால்காரர் ஓட்டின பழைய வண்டிக்குப் பின்சக்கரத்தில் கெட்டிக் கம்பி கோத்துக் கொடுத்தேன்.

"தாங்குமா?" என்றார். "ரெண்டு கேன் பாலும் பால்காரனும் உன்னவிட வெயிட்டுய்யா" என்றேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி மல்லிகா சொன்னாள்: "வண்டி தாங்கும் மாமா. நாலு பேரு சிரிச்சா இவரு தாங்குவாரான்னு கேளுங்க."

சீட்டு

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. விழப் பயந்து சீட்டை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். முட்டி வயிற்றில் இடிக்கும். ஒரே வாரத்தில் முட்டி வீங்கும். வண்டி மூலைக்குப் போகும். கோதண்டமும் இறக்கினார். நான் ஏற்றினேன். மறுபடி இறக்கினார். மூன்றாம் தடவை ஏற்றி, ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டேன்.

"விழுந்தா நீங்கதான் வந்து தூக்கணும் மாமா. முடியுமா ஒங்களால?" என்றார்.

மைதானம்

பதினெட்டு நாள் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றினார். பதினெட்டாம் நாள் பின்சக்கரத்தில் ரெண்டு கம்பி அறுந்தது. வாக்கிங் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார்.

கம்பி மாற்றிச் சக்கரத்தின் கோட்டம் எடுக்க அரை மணி நேரம். அவர் எடுக்க வராமல் நாலு மாசம் வண்டி கடையிலேயே நின்றது. போன் போட்டுத் திட்டினேன். "சிரிச்சவனா வந்து ஒன் கால காப்பாத்துவான்?"

"நாளைக்கு வரேன் மாமா."

வார்

வரவில்லை. மல்லிகாதான் வந்தாள். சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் வலது காலில் மூணு விரலை எடுத்துவிட்டார்களாம். வண்டியைத் துடைத்து ஓரமாக நிறுத்தினேன்.

புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, ஆட்டோவில் வந்து இறங்கினார். தெருவைப் பார்க்கவில்லை. நேரே சீட்டைப் பார்த்தார். நான் ஏற்றிவைத்த உயரம்.

"அது அங்கியே இருக்கட்டும் மாமா. பெடல்ல ஒரு வார் மட்டும் தெச்சுக் குடுங்க, காலு வழுக்குது."

தைத்துக் கொடுத்தேன், இன்றைக்கும் மிதிக்கிறார். நீங்களும் ஏறுங்கள், அறுந்த கம்பிக்கு மாற்று என் கடையில் இருக்கிறது, விரலுக்கு இல்லை.