அத்தா பேசிய இன்னொரு தமிழ்

சூளை திறக்கும் நாளில் எங்கள் தெருவுக்குள் வரும் காற்றே சுடும். வெந்த களிமண் வாசனையும் கரிப்புகையும் கலந்து கொடியில் காயும் துணிகளில் ஏறிக்கொள்ள, அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி அலசிப் போடுவாள். பீங்கான் செய்கிற எங்கள் விருத்தாசலத்தில் பிறந்தவர்களுக்கு அது பழகிப்போன வாசனைதான். ஆனால் அறுபதுகளின் கடைசியில், எனக்கு எட்டு வயதான அந்தக் கோடையில் மட்டும், அது மூக்கில் ஏறினாலே நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பெரிய சூளை பிள்ளைப் பலி கேட்கிறது என்றும், அதற்காக "புள்ள புடிக்கிறவன்" கோணியோடு சுற்றுகிறான் என்றும் யாரோ ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தார்கள். பாலம் கட்டினாலும் இதே கதை, அணை கட்டினாலும் இதே கதை. எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்று வந்தவர். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, முகவாயில் மட்டும் அடர்ந்த தாடி. அவருக்கு உருது ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் வீட்டில் எவருக்குமே தெரியாது. "வூட்ல சாப்புட்டு வெயில் தாழப் போறேன்" என்று, எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் பேசுகிற அதே பேச்சைத்தான் அவரும் பேசினார். வேறெப்படிப் பேசுவார்?

இந்தச் சமயத்தில்தான் டூரிங் கொட்டகையில் அந்தப் படம் வந்தது. பெயரைச் சொல்லிப் பெருமைப்படுத்த விருப்பமில்லை. பக்கத்து வீட்டு ராஜம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனாள். படத்தில் ஒரு பாட்டு. சந்தையில் எல்லாக் கூட்டத்தாரும் ஆடிப் பாடி வருகிற பாட்டு அது. தொந்தி குலுங்க ஒரு சேட்டு, தலைப்பாகையோடு ஒரு சிங்கு, பாசிமணியோடு இடுப்பை ஒடிக்கும் குறத்தி, குடுமியைத் தடவிக்கொண்டே ஒரு ஐயர் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு உடுப்பு, ஒரு கோணல் நடை, ஒரு கொச்சைப் பேச்சு. கடைசியில் அகலப் பச்சை பெல்ட்டும் அத்தர் பெட்டியுமாக "பாய்" வந்தார். "நம்பள்கி, நிம்பள்கி" என்று அவர் தமிழை உடைத்து உடைத்துப் பேச, கொட்டகை சிரித்தது. "ஏய், ஒங்க அத்தா டீ!" என்று மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என் பக்கம் திரும்பினார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள், அதே உடுப்பில் இன்னொரு பாய் கூட்டத்துக்குள் நுழைந்தான். அவன் பாய் இல்லை, பிள்ளை பிடிக்கிற வில்லன். ஒரு குழந்தையைக் கோணியில் போட்டுக் கட்டும்போது, யாரோ கேட்ட கேள்விக்கு அவன் வாய்தவறிச் சுத்தமான தமிழில் பதில் சொல்லிவிட, கதாநாயகன் பாய்ந்து அவன் தாடியைப் பிடித்து இழுத்தான். தாடி கையோடு வந்தது. கொட்டகையே விசிலடித்தது, நான் ராஜம் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டில் என்னைப் பயமுறுத்தியது கோணி அல்ல. அவன் கட்டியிருந்த கைலி எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிற கைலி மாதிரியே இருந்ததுதான்.

பிறகு டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் அந்த ரெக்கார்டைப் போட்டுத் தேய்த்தார்கள். அத்தாவின் சைக்கிளுக்குப் பின்னால் பிள்ளைகள் "நம்பள்கி" பாடிக்கொண்டே ஓடுவார்கள். அவர் மணியை அடித்துச் சிரித்துவிட்டுப் போவார். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. திட்டக்குடிப் பக்கம் யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லிக் கட்டிவைத்து அடித்ததாகப் பேச்சு வந்திருந்தது.

அத்தா வழக்கமாகப் போகிற ஸ்ரீமுஷ்ணம் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அந்த வருஷம் அங்கே விளைச்சல் இல்லாததால் வேப்பூர்ப் பக்கம் புது ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. புள்ளய முன்னாடி உக்கார வச்சிக்கிட்டுப் போங்க. பொண்ணோட வர்ற மனுசன எவன் சந்தேகப்படுவான்?" என்றாள் அம்மா. அவள் கணக்கு அப்படி. அந்தப் பாட்டை அவள் பார்த்திருந்தால் என்னை அனுப்பியே இருக்கமாட்டாள்.

நாங்கள் போன கிராமத்தில் புளிய மரத்தடியில் அத்தா மூட்டையை அவிழ்த்தார். பெண்கள் கூடினார்கள், ஒருத்தி சிவப்புச் சேலையை விரித்துக்கூடப் பார்த்தாள். அப்போது ஒரு இளவட்டம் வந்து நின்றான்.

"எந்த ஊரு பாயி?"

"விருத்தாசலந்தாங்க."

"இந்தப் பொண்ணு?"

"எம் பொண்ணுதாங்க. பள்ளியூடம் லீவு, அதான் கூட்டியாந்தேன்."

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நம்மள மாரியே தமிழு பேசறீங்களே?"

"பொறந்ததே இந்த மண்ணுலதானுங்க. வேற என்னா பேசுவேன்?" என்று அத்தா சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. "டேய், கொட்டாயில பாத்தம்ல, அதே மாரி சுத்தமா பேசறான்டா!" என்று அவன் கத்த, எங்கிருந்துதான் அத்தனை ஆண்கள் வந்தார்களோ தெரியவில்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். சைக்கிளை ஒருவன் பிடித்துக்கொண்டான். ஒருவன் தொப்பியைத் தட்டிவிட்டான். இன்னொருவன் அத்தாவின் தாடியைக் கொத்தாகப் பற்றி இழுத்தான். அது வரவில்லை. அத்தாவின் தலைதான் அவன் கையோடு வந்தது. ஒட்டுத்தாடி இல்லை என்று தெரிந்தும் யாரும் விலகவில்லை. நல்லா ஒட்டியிருக்கான் என்றார்கள்.

ஒரு பெரியவர் என் முன்னால் குனிந்தார். "பயப்படாத பாப்பா. இவன் யாரு? ஒன்ன எங்கேருந்து தூக்கியாந்தான்?"

அத்தா என்று ஒரு சொல். அது எனக்கு வரவில்லை. பயத்தில் பல் கிட்டிப்போய்விட்டது. நான் அழுதேன். "பாத்தீங்களா, புள்ள எப்பிடி நடுங்குது!" என்றார்கள். ஒருவன் கயிறு எடுத்துவர ஓடினான். அவரைக் கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நெஜ பாயின்னா பாயி பாஷையில பேசச் சொல்லுங்கடா!" என்று ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

அத்தா கைகளைக் கூப்பினார். பிறகு தோளை ஒரு பக்கமாகத் தூக்கி, கழுத்தை ஆட்டி, எனக்குத் தெரியாத ஒரு குரலில் பேசத் தொடங்கினார். "நம்பள்கி விருத்தாசலம் இருக்கான். நம்பள் நல்ல சேலை கொண்டாந்தான். நிம்பள்கி சல்லிசா குடுக்கறான்." அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளிடமிருந்து காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார். அவர்கள் இன்னும் உற்றுப் பார்க்கவும், இடுப்பை ஒடித்து ஒரு சுற்று நடந்தும் காட்டினார்.

முதலில் ஒரு பையன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தாடியைப் பிடித்து இழுத்தவனே தொப்பியை எடுத்துத் தூசி தட்டி அத்தாவின் தலையில் வைத்து, "மொதல்லியே இப்பிடிப் பேசியிருக்கக்கூடாதா பாயி?" என்றான், உரிமையோடு கோபித்துக்கொள்கிற மாதிரி. செம்பில் மோர் வந்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள். மூட்டையில் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது.

திரும்பி வரும் வழி முழுக்க அவர் சைக்கிளை வேகமாக மிதித்தார். நான் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து, பின்னால் கேட்கிற மூச்சு என் அத்தாவுடையதுதானா என்று பயந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டது. பிதற்றலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏங்க, குர்ஆன்லேருந்து ரெண்டு வரி ஓதிக் காட்டியிருந்தா வுட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

"ஓதறத வேடிக்க காட்டச் சொல்றியா?" என்றார் அத்தா.

அந்த ஊருக்கு அவர் பிறகும் பல வருஷம் போய் வந்தார். அவர்கள் அவரை விரும்பினார்கள், கல்யாணத்துக்கு அழைத்தார்கள், எப்போது போனாலும் "ஒங்க பாஷையில பேசு பாயி" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் பேசினார். என்னை மட்டும் அதன்பின் அவர் கூட்டிப் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. சூளைகளில் பாதி புகைவதில்லை. பாட்டெல்லாம் என் மகளின் கைபேசிக்குள் வந்துவிட்டது. அவள் காட்டுகிற பாட்டுகளில் "நம்பள்கி" பேசுகிறவர் எவரும் இல்லை. அதே தொப்பியை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டிய ஒருவன் பச்சை வெளிச்சத்தில் துப்பாக்கியோடு மெதுவாகத் திரும்புகிறான். இல்லையென்றால், ஒரு நல்ல கிழவர் பிரியாணித் தட்டை நீட்டிச் சிரிக்கிறார். தாடி வைத்த என் மகன் வேலை விஷயமாகத் தெரியாத ஊருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்ததாக அவன் பேசும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் மகள் கேட்டாள்: "தாத்தா எப்பிடிம்மா பேசுவாங்க? பேசிக் காட்டேன்." அத்தா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவர் குரலை யாரும் எதிலும் பதிந்து வைக்கவில்லை. பேசிக் காட்ட வாயைத் திறந்தேன். அவர் என்னைத் தூங்கவைத்த பேச்சு, அம்மாவோடு சண்டை போட்ட பேச்சு, காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு "போயிட்டு வரேன்" என்று சொன்ன பேச்சு, எதுவுமே காதுக்குள் வரவில்லை. வந்தது அந்தப் புளிய மரத்தடிக் குரல் ஒன்றுதான்.

"மறந்துபோச்சு" என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.