மாமனாரின் தலைத்துண்டு

ஜப்பானின் நுமாசு துறைமுகத்தின் பின்தெருவில் தோகுஜியின் கருவாட்டுக் கடை. அவர் மருமகன் கட்சுயுகி காலையில் பாரை மீன்களைக் கீறி உப்புத் தண்ணீரில் போடுவான். மதியத்துக்கு மேல் சண்டைப் பயிற்சிக்குப் போவான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. பாதிச் சண்டைகளில் ஜெயித்தான், பாதியில் தோற்றான். டோக்கியோவின் பெரிய அரங்கம் ஒரே ஒரு முறை கூப்பிட்டது. போன வேகத்தில் கழுத்து நெரிபட்டுத் திரும்பினான்.

சண்டைக்கு முன் எடை பார்க்கும் நாள் நெருங்கினால் தண்ணீரைக்கூட நிறுத்திவிடுவான். கன்னம் ஒட்டிப்போகும்.

"மாப்ள, உன்னையும் மீனோட சேத்துக் காயப்போட்டுடவா?" என்பார் தோகுஜி. அவர்தான் தெருவின் ரசிகர் மன்றத் தலைவர். ஒவ்வொரு சண்டைக்கும் கடைப்பெயர் போட்ட நீலத் துண்டு எல்லோருக்கும் உண்டு. பயிற்சியாளர் ஹிராய்வாவும் தோளில் அதைத்தான் போட்டுக்கொள்வார். ஆள் தாங்கமாட்டான் என்று தோன்றினால் மேடைக்குள் வீச வேண்டியதும் அதைத்தான். வீசினால் தோல்வி.

போன வருடம் கட்சுயுகியின் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து அறுவை செய்தார்கள். இன்னொரு முறை கிழிந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அவன் மனைவி நட்சுயோவுக்குத் தூக்கம் போனது.

"இதோட நிறுத்திக்கங்களேன்."

"மாமா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

அப்பாவிடம் போனாள். "அவன் ஆசைப்பட்டு அடிபடறான். நான் யாரு வேணாங்கறதுக்கு?" என்றார் அவர்.

ஊர் உடற்பயிற்சி மண்டபத்தில் அடுத்த சண்டை. இரண்டாவது சுற்று. எதிராளி இளவட்டம். கட்சுயுகியைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இடது பக்கமாகவே குத்தினான். ஹிராய்வா பொறுத்துப் பார்த்தார். நட்சுயோ கண்களை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது நடுவர் எதிராளியை இழுத்துக்கொண்டிருந்தார். கட்சுயுகியின் முகத்தில் நீலத் துண்டு ஒன்று கிடந்தது.

ஆனால் ஹிராய்வாவின் துண்டு அவர் தோளிலேயே இருந்தது. நட்சுயோ பக்கத்தில் திரும்பினாள். எப்போதும் துண்டு கட்டியிருக்கும் அப்பாவின் வழுக்கைத்தலை விளக்கில் மின்னியது.

நடுவர் கயிற்றருகே வந்தார். "நீங்கதானே போட்டீங்க?"

ஹிராய்வா தனக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்த வழுக்கையைப் பார்த்தார். தோள்துண்டை மெல்ல இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆமாங்க. நான்தான்."

தோகுஜி மகளைப் பார்க்காமல் முணுமுணுத்தார். "வேர்வை. வழுக்கிடுச்சு."

"வழுக்குனா கீழ விழும்ப்பா. கயித்தத் தாண்டிப் பறக்காது."

உடைமாற்றும் அறையில் போட்டி மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றார். நட்சுயோ தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். கட்சுயுகி மடமடவென்று குடித்தான். துண்டு அவன் மடியில் இருந்தது.

"மூஞ்சில விழுந்ததும் மீன் வாடை. பயிற்சியாளரோடது இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றாள் நட்சுயோ.

"சொன்னா மறுபடி அடி வாங்கணுமே."

கதவருகே தோகுஜி நின்றிருந்தார். "மாப்ள, என் துண்டு..."

"என்கிட்டயே இருக்கட்டும் மாமா. நாளைலருந்து நாள் முழுக்கக் கடைலதான் இருப்பேன். தலைக்கு ஒண்ணு வேணும்ல."

தோகுஜி வழுக்கைத்தலையைத் தடவிக்கொண்டார்.

"தொவச்சிட்டுக் கட்டு" என்றார்.