எண்ணை வைத்து அழித்த கோப்பு

மழைமேகத்தில் எங்கள் அம்பத்தூர் அலுவலகம் அன்று மதியமே இருண்டிருந்தது. சர்வரில் ஒரு கோப்பின் பெயர் கெட்டுப்போய், வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தது. பெயரைத் தட்டவே முடியாததால் அதை அழிக்கவும் முடியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து இருக்கை நண்பன், கரையான்சாவடிக்காரன், என் கீபோர்டைப் பிடுங்கினான். "பேரு இன்னாத்துக்கு மச்சான்? ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நம்பர் கீதுல்ல, அத்த வெச்சு தூக்கிரலாம்."

தூக்கினான். அழித்துவிட்டதாகத் திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"ஒரு ஃபைலுக்கு எதுக்குடா ரெண்டு வரி? சர்வர்ல இத்தனை டிஸ்க் இருக்கே, எதுல தேடுன?"

"எல்லாத்துலயும்தான்."

ஒரு டிஸ்கில் ஒரு கோப்புக்கு உள்ள எண் இன்னொரு டிஸ்கில் வேறொரு கோப்புக்கும் இருக்கலாம் என்பதை அந்த மடையன் மறந்திருந்தான். முதல் வரியில் கேள்விக்குறிகள். இரண்டாவது வரியில், தெளிவான எழுத்தில், எங்கள் சர்வரில் கோப்புகளை வைத்திருந்த ஓர் ஆஸ்பத்திரியின் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவுகள்.